வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் மருமகள்

மார்ச் 7

சம்பந்தியம்மாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். உடம்பு முடியாதவர்களால் அவ்வளவு பொடி எழுத்தைக் குறி பார்த்து அழுத்த முடியாது.

எந்த எழுத்து என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் நான் அனுப்புகிற மின்னஞ்சல் கடிதத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது போல, ‘இனி இந்தக் கடிதம் வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான். நேற்றுக் காலை ஏழு மணிக்குக் கடிதம் போனது. ஏழரைக்கு நீங்கள் விலகிவிட்டதாக எனக்குத் தகவல் வந்தது.

“போறவங்களப் பாக்காதீங்க அத்தை, அப்புறம் எழுத வராது” என்று உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள். நானும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அவரவர் மாடி வந்தால் அவரவர் இறங்கத்தான் செய்வார்கள். அதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு அழ முடியுமா? ஆனால் என் பிள்ளைக்குப் பெண் கொடுத்தவர் இரண்டு மாடிக்கு நடுவில் குதித்தால், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேனா?

போனில் கேட்கலாம் என்று மூன்று தடவை அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. மின்னஞ்சல் போட்டால் உங்கள் மகள் கண்ணில் படும். என் பெட்டியைத் திறந்து பார்ப்பவள் அவள்தான். அதனால்தான் தாளும் பேனாவும். தபால் பெட்டியைத் தேடிக்கொண்டு இரண்டு தெரு நடந்தேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கடிதம் எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, “இனிமே மேல போறதுக்குள்ள எங்களுக்குக் கதை சொல்ல யார் இருக்கா?” என்று ஐந்தாவது மாடி வக்கீலம்மா கேட்டார். உங்கள் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “விலாசத்தக் குடுங்க மேடம், வாரா வாரம் வரும்” என்று சொல்லிவிட்டாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். அன்று சேர்ந்தவர்கள் பதினொரு பேர். அதில் நீங்கள் ஒருவர். இன்றைக்கு நாலாயிரம் பேருக்குப் போகிறது. எந்தப் பத்திரிகைக்காரரும் கொடுத்த இடமில்லை. இடமில்லை என்று வெட்டவும் ஆளில்லை. தரைத்தளத்திலிருந்து ஏழாவது மாடிக்குப் போவதற்குள் கதை முடிய வேண்டும். எனக்குத் தெரிந்த இலக்கணம் அது ஒன்றுதான், ஐந்தாம் வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பதில் போட்டவர் யாராக இருந்தாலும் நானே உட்கார்ந்து பதில் போடுகிறேன். அப்படி ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு அனுப்பி அனுப்பி வளர்ந்தது இது.

இப்போது இன்னும் ஒரு நல்ல செய்தி. அலுவலக வாழ்க்கையைப் பற்றி எழுதுகிற ஒருவர் இருக்கிறார். அவர் கடிதத்தை எண்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் என்னைத் தன் வாசகர்களுக்கு அறிமுகம் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறார். “மருமகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் மிகச் சிறந்த ஒன்றை அனுப்புங்கள், அதையே போட்டுவிடலாம்” என்கிறார். வீடு முழுக்க ஒரே பூரிப்பு. இந்த நேரம் பார்த்து நீங்கள் போகிறீர்கள்.

என்ன குற்றம் கண்டீர்கள்? நேராகச் சொல்லுங்கள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசினால் புரியாது.

உங்கள் சம்பந்தி

---

மார்ச் 11

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மருந்துக் கடையில் இருப்புக் கணக்கெடுக்கும் நேரம். காலாவதியான சரக்கை எல்லாம் பிரித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் படிக்க நேரமில்லை. வேறு ஒன்றுமில்லை.

கடிதம் வளர்ந்ததில் சந்தோஷம். மாப்பிள்ளையையும் பேத்தியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

என் மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதினால் நல்லது. உங்கள் கடிதத்தில் ‘சுவிட்ச் மகாராணி’ என்று ஒருத்தி வருகிறாளே, அவளை எனக்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
மகளைப் பெற்றவள்

---

மார்ச் 14

சம்பந்தியம்மா,

ஊசியைப் பஞ்சில் சுற்றி அனுப்புவது மருந்துக் கடைக்காரர்களுக்குக் கைவந்த கலை போலிருக்கிறது. கடைசி மூன்று வரி உள்ளங்கையில் ஏறியது.

சரி, விஷயம் தெரிந்துவிட்டது. மகாராணிதான் உங்களுக்குக் கசக்கிறாள். நானும் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள் வீட்டில் ஒரு சுவிட்சைப் போட்டபடி விடமாட்டாள். ஆள் இருந்தாலும் அணைப்பாள், இல்லாவிட்டாலும் அணைப்பாள். நான் சட்டினிக்கு மிக்ஸியில் போட்டுவிட்டுத் தேங்காய் எடுக்கத் திரும்பினால் மிக்ஸி பிளக் வெளியே கிடக்கும். என் பிள்ளையின் மேலதிகாரி விருந்துக்கு வந்து குளியலறைக்குள் போனார். இவள் போகிற போக்கில் விளக்கை அணைத்துவிட்டாள். உள்ளேயிருந்து அந்த மனிதர், “அம்மா... ஆள் உள்ள இருக்கு” என்று ஈனக்குரலில் சொன்னதை நான் எழுதாமல் யார் எழுதுவது? அந்த ஒரு கடிதத்தால் மட்டும் அறுநூறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். “எங்க வீட்டிலும் ஒரு மகாராணி இருக்கிறாள்” என்று எத்தனை பேர் எழுதினார்கள் தெரியுமா? ஒருவர் தன் மனைவியை, ஒருவர் தன் மாமனாரை, ஒருத்தி தன்னையே. மகாராணி வராத வெள்ளிக்கிழமை, “அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று விசாரிக்கிறார்கள். நான் கேலி செய்து எழுதவில்லை. செல்லம் கொடுத்து எழுதினேன்.

இன்னொன்று. நான் ஒளித்து மறைத்து எழுதவில்லை. வியாழக்கிழமை போனில் ஒற்றை விரலால் தட்டி முடிப்பேன். வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உங்கள் மகள் காபி குடித்துக்கொண்டே படிப்பாள். எனக்கு எந்த இடத்தில் எந்த ‘ர’ என்பது இன்னும் தகராறுதான், அதையெல்லாம் அவள்தான் சரி செய்வாள். தலைப்பு வைப்பாள். “இந்த இடத்தில நிறுத்திட்டு அடுத்த பத்தி ஆரம்பிங்க அத்தை, மூச்சு வாங்கட்டும்” என்பாள். அனுப்புகிற பொத்தானை அழுத்துவதும் அவள்தான். மகாராணி கதை ஒவ்வொன்றையும் நாலாயிரம் பேருக்கு அனுப்பியது அவள் கைதான் சம்பந்தியம்மா. படிக்கும்போது சிரித்தாள். என் எதிரில்தான் சிரித்தாள்.

அவளுக்கே இல்லாத கோபம் உங்களுக்கு ஏன்?

அந்தப் பெரிய கடிதக்காரருக்கு எதை அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குளியலறைக் கதையையே அனுப்பலாம் என்று இருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் செய்தேன் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள்.

சம்பந்தி

---

மார்ச் 18

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேராகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

போன மாதம் என் மகளை அவள் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். உங்களுக்குத் தெரியும். மறுநாள் முதல் கூட்டம். இருபது பேர் முன்னால் எழுந்து நின்று பேசத் தொடங்கினாள். பின்னால் இருந்த யாரோ அத்தனை விளக்கையும் அணைத்தார்கள். “மகாராணி இருக்கிற இடத்தில லைட்டு எதுக்கு?” என்று ஒரு குரல். அறை முழுக்கச் சிரிப்பு. விளக்கு மறுபடி எரிந்தபோது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாளாம். இதை என்னிடம் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் எதற்கு எப்படிச் சிரிப்பாள் என்று பிறந்ததிலிருந்து கேட்டவள் நான். நீங்கள் கேட்டது நாலு வருடம்.

உங்கள் கடிதத்தில் அவள் பெயர் இல்லை என்பீர்கள். லிஃப்ட் அம்மாவின் மருமகள் யார் என்று அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து உங்களுக்கு வாசகர்களைச் சேர்த்துக் கொடுத்ததே அவள்தான். “எங்க அத்தை எழுதுறாங்க” என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னாள். பெருமையாக.

நீங்கள் கடிதம் அனுப்புவதற்கு முந்தின நாள் மாலை, பேத்தியோடு போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். குழந்தை திரும்பி, “ஏ மகாராணி, ஃபேன அணைச்சுட்டுப் போ!” என்று தன் தாயைப் பார்த்துச் சொன்னாள். பின்னால் உங்கள் சிரிப்பு கேட்டது. மாப்பிள்ளை சிரிப்பும் கேட்டது. என் மகள் ஃபேனை அணைக்கவில்லை. குனிந்து எதையோ எடுப்பது போல அந்தப் பக்கம் போய்விட்டாள். மறுநாள் காலை உங்கள் கடிதம் வந்தது. நான் அந்த வரியை அழுத்தினேன்.

அவள் ஏன் அணைக்கிறாள் என்று கேட்கவே இல்லையே நீங்கள். அத்தனை பேருக்கு அத்தனை தடவை எழுதினீர்கள்.

அவளுக்கு ஒன்பது வயது. எங்கள் பழைய கடையின் பின்னறையில், மேசை விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு நாள் விசிறி அணைக்கப்படாமலே கடையைப் பூட்டிவிட்டோம். காலையில் கதவைத் தூக்கினால் உள்ளே புகை. இரவெல்லாம் ஓடிய விசிறி சூடேறி எரிந்து, அட்டைப் பெட்டிகள் கனன்றுகொண்டிருந்தன. அவள் அப்பா சரக்கைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளே கையை விட்டார். அந்தக் கைகள் ஆறியும் விரல்கள் மடங்கவில்லை. அதன் பிறகு அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுத்தான் என் மகள் பள்ளிக்கூடம் போவாள். விசிறியைப் போட்டவள் நீதான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால், இல்லை என்று மறுக்கவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

இதைச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். எழுதிவிடாதீர்கள்.

மகளைப் பெற்றவள்

---

மார்ச் 23

சம்பந்தியம்மா,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. படித்து முடித்ததும் என் மனசில் முதலில் என்ன ஓடியது தெரியுமா? உங்களிடம் மறைக்கவில்லை. ‘அடடா, இது போனால் எண்பதாயிரம் பேரும் நம் பக்கம் வந்துவிடுவார்களே’ என்றுதான் ஓடியது. பொத்தான் போட்டுவிடுகிற குழந்தையில் தொடங்கி, விசிறியில் முடிக்க வேண்டும் என்பது வரைக்கும் கணக்குப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் உங்கள் கடைசி வரி கண்ணில் பட்டது.

எழுத மாட்டேன். அதை விடுங்கள்.

உங்கள் பேச்சை நம்பாமல் இல்லை, ஆனால் எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். லிஃப்டில் அதுதான் என் வேலை. ஏறுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மாடி என்று பொத்தானை அழுத்துவேன். சொந்த வீட்டில் பார்க்கத் தவறியிருக்கிறேனே என்று அன்றிலிருந்து அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நான் இருக்கும்போது வந்தாள். ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, நான் ஜன்னல் ஓரம் இருந்தேன். அவள் கை சுவிட்ச் வரைக்கும் போனது. என்னைப் பார்த்தாள். கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைச் சரி செய்தாள். போய்விட்டாள். நான் எழுந்து சமையலறைக்குள் போனேன், வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினேன். ‘டக்’கென்று சத்தம். வந்து பார்த்தால் ஃபேன் நின்றிருந்தது.

என் கண் மறைய வேண்டும் என்று காத்திருந்து அணைக்கிறாள் சம்பந்தியம்மா. பிறந்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு இந்த வீட்டில் இப்போது என்னைக் கண்டால் பயம். மாமியார் பயம் என்றால்கூடப் புரிந்துகொள்வேன். இது எழுதுகிறவளிடம் வருகிற பயம். குனிந்தால் எழுதிவிடுவாள், நிமிர்ந்தால் எழுதிவிடுவாள் என்று.

என் பிள்ளையையும் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏன்டா, உனக்காவது தெரியுமா அவ ஏன் அணைக்கிறான்னு?” “தெரியும்மா. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா.” “அப்புறம் ஏன்டா நீயும் சிரிச்ச?” “நீ எழுதினது நல்லா இருந்துச்சும்மா.” இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உங்கள் மாப்பிள்ளையை நீங்கள்தான் கொஞ்சம் தூக்கி வைத்துப் பேசுவீர்கள். இனிமேல் யோசித்துப் பேசுங்கள்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பெரிய கடிதக்காரருக்கு, மகாராணி கதை எதையும் போடக்கூடாது, வேறு கதை அனுப்புகிறேன், சரிப்பட்டால் போடுங்கள் என்று எழுதிவிட்டேன். மகாராணி இனி என் கடிதத்தில் கிடையாது. அவளுக்காக வந்தவர்கள் போவார்கள், நன்றாகத் தெரியும். போகட்டும். என்னிடம் ஏழு மாடி முழுக்கக் கதை இருக்கிறது.

சும்மா நிறுத்தினால் போதாது. நாலாயிரம் பேர் முன்னால் செய்ததை நாலாயிரம் பேர் முன்னால்தான் சரி செய்ய வேண்டும். இந்த வெள்ளிக்கிழமைக் கடிதம் முழுக்க மன்னிப்பு. உங்கள் ரகசியம் ஒரு வரி இல்லை. ‘என் மருமகளுக்கு ஒரு பட்டம் கட்டினேன், அதைக் கழற்றி வைக்கிறேன், நீங்களும் கழற்றுங்கள்’ என்று தொடங்கியிருக்கிறேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அவள் அலுவலகத்தில் விளக்கை அணைத்தவனும் படிப்பான். படிக்கட்டும்.

27-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு. நீங்கள் விலகிவிட்டீர்கள், ஆனாலும் எப்படியாவது பார்த்துவிடுங்கள்.

சம்பந்தி

---

மார்ச் 28

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

எங்கள் கடைக்குப் பக்கத்தில் தையல்காரர் ஒருவர் இருக்கிறார். உங்கள் வாசகர். நேற்றுக் காலை அவர் போனை வாங்கிப் பார்த்தேன்.

குடையோடு ஏறிக் குடை இல்லாமல் இறங்குகிற நாலாவது மாடி மனிதரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தினம் ஒரு குடையை யாரிடம் கொடுக்கிறார் என்று நீங்கள் கண்டுபிடித்த கதை. தையல்காரர் இரண்டு தடவை படித்துச் சிரித்தார். “என்னம்மா, உங்களுக்குச் சிரிப்பு வரலையா?” என்று கேட்டார்.

மேலிருந்து கீழ் வரைக்கும் தேடினேன். மன்னிப்பு எங்கே? என் மகள் பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. அவள் அந்த வீட்டில் இருப்பதற்கான அடையாளமே இல்லை.

எண்பதாயிரம் பேர் வரும் நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பானேன் என்று தோன்றிவிட்டதா? நீங்களாக வாக்குக் கொடுத்தீர்கள். நான் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். இவ்வளவுதானா என்று இருக்கிறது.

இதற்குப் பதில் வேண்டும்.

மகளைப் பெற்றவள்

---

ஏப்ரல் 2

சம்பந்தியம்மா,

திட்டுங்கள். இந்தத் தடவை நீங்கள் திட்டுவது தப்பு, ஆனாலும் திட்டுங்கள். மகளுக்காகப் பேசுகிற அம்மாவிடம் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை காலை வழக்கம் போல உங்கள் மகள் காபி எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். நான் போனை நீட்டினேன். எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போல நின்றேன். படித்து முடித்துவிட்டு அழுவாள், வந்து என் கையைப் பிடிப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எதிர்பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தேன். காபி ஆடை கட்டிக் கிடந்தது.

“யார் சொன்னா அத்தை? அம்மாவா?”

“யார் சொன்னா என்ன?”

“அம்மா விலகினது எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க தபாலுக்கு நடந்ததும் தெரியும். கால் வலிக்குதுன்னு ராத்திரி தைலம் தேய்ச்சது யாரு?”

அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டு, “அத்தை, இத அனுப்ப மாட்டேன்” என்றாள்.

“ஏம்மா? நல்லா இல்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு. அதான் அனுப்ப மாட்டேன்.”

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டேன், அம்மாவுக்கு மட்டும் என்று சொன்னாள்.

“இது போச்சுன்னா நாலாயிரம் பேர் உங்களைக் கொண்டாடுவாங்க. என்ன பெரிய மனசுன்னு எழுதுவாங்க. ஆபீஸ்ல வந்து, ‘பாவம், உங்க அத்தை எவ்வளவு அழகா மன்னிப்புக் கேட்டுட்டாங்க’ன்னு என்கிட்டயே சொல்லுவாங்க. அப்ப நான் மன்னிச்சுத்தான் ஆகணும். எனக்கு வேற வழியே இல்லாமப் பண்றீங்க. நான் மன்னிக்கிறேனா இல்லையான்னு நானே இன்னும் யோசிக்கல அத்தை.”

நான் மெதுவாகக் கேட்டேன். “அப்ப முதல்லயே ஏம்மா சொல்லல? நீதானே அனுப்பினே?”

“முதல் ரெண்டு மூணு நல்லாத்தான் இருந்துச்சு. நானே சிரிச்சேன், பொய்யா இல்ல. அப்புறம் உங்களுக்கு ஆளு சேரச் சேர, நான் வாரா வாரம் வர ஆரம்பிச்சுட்டேன். எந்த வாரம் நிறுத்தச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா, இவ கோவிச்சுக்கிட்டான்னு அதையும் எழுதிடுவீங்களோன்னு இருந்துச்சு.”

எழுதியிருப்பேன் சம்பந்தியம்மா. அதுவும் நன்றாகத்தான் வந்திருக்கும்.

அவள் என் எதிரிலேயே மன்னிப்பை முழுக்க அழித்தாள். மேலிருந்து கீழ் வரை, ஒரு வரி விடாமல். நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது என்று சொன்னேன் இல்லையா, அது இப்போது யாரிடமும் இல்லை. அழித்துவிட்டு, “சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க அத்தை. இங்கதானே உக்காந்திருக்கேன்” என்றாள்.

அதற்குள் மணி ஏழு ஆகிவிட்டது. நாலாயிரம் பேர் காத்திருக்கிறார்கள். “முதல்ல அவங்கள அனுப்பிட்டு வாங்க” என்றாள் உங்கள் மகள். நான் குடைக்காரர் கதையைச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். கதை மூன்றாவது மாடிக்குப் பக்கத்தில் வந்தபோது, “இந்த இடம் இழுக்குது, வெட்டறேன்” என்று வெட்டினாள். பத்து நிமிடம் தாமதமாகப் போனது. என்றைக்கும் தாமதமானதில்லை. பொத்தானை அழுத்திவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்து, ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்றாள்.

கடிதத்தின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கடிதக்காரர், “மகாராணி இல்லாமல் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்” என்று பதில் போட்டிருக்கிறார். நிதானமாக யோசிக்கட்டும், எனக்கு ஓட்டமில்லை. மகாராணி எங்கே என்று கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் நானே பதில் போட்டேன்: ‘அவங்க அவங்க வேலையப் பாக்கிறாங்க.’ கொஞ்சம் பேர் போய்விட்டார்கள். எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. குடைக்காரர் கதைக்கு வந்த பதில்களைப் படிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஐந்தாவது மாடி வக்கீலம்மா, “பழையபடி லிஃப்டில் ஏறின மாதிரி இருந்தது” என்று எழுதியிருந்தார். இந்தக் கடிதம் நிற்கும் சம்பந்தியம்மா. என்னை யாரும் அறிமுகம் செய்து வைக்காமலே நாலாயிரம் பேருக்குத் தெரியும்.

பேத்தியிடம் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். என் பிள்ளையிடம் உங்கள் மகள் பேசிக்கொள்கிறேன் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். ஒட்டுக் கேட்கவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. அலுவலகத்தில் விளக்கை அணைத்தவன் விஷயத்தை நீங்கள் சும்மா விடுங்கள், நானும் விடுகிறேன். அவனுக்கு அவள்தான் மேலதிகாரி. அவள் பார்த்துக்கொள்வாள்.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் அவளிடம் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள், மன்னித்தாளா இல்லையா. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்லவும் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் அந்தப் பேச்சு நடந்தது அவளுக்கும் எனக்கும் நடுவில். எழுத மாட்டேன், உங்களுக்குக்கூட.

அவளுக்குப் போன் செய்து பாருங்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவளே சொல்வாள்.

சம்பந்தி